கவ்டவும் கூழைக்கும்பிடும்

வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் யாரோ வாசித்துவிட்டுப் போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்று கிடந்தது. கனடா அரசு சீனாவிடம் குழைகிறது என்று திட்டுகிற ஒரு கட்டுரை. அதன் தலைப்பில் 'கவ்டவ்' என்ற சொல் இருந்தது. அளவுக்கு மிஞ்சிப் பணிகிறவனை, முதலாளிக்கு முன்னால் முதுகெலும்பு இல்லாமல் வளைகிறவனைச் சொல்ல ஆங்கிலத்தில் இதைத்தான் பாவிப்பார்கள். எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்டவர் தெற்குச் சீனாவிலிருந்து வந்தவர். என்னோடு ஒரே லைனில் கனகாலம் வேலை செய்கிறவர். "இது உங்கட சொல்லுத்தானே?" என்று சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன்.

மனுசன் கரண்டியை வைத்துவிட்டார். "சொல்லு எங்கட. இவங்கள் சொல்லுற கருத்து எங்கட இல்லை" என்றார். சின்ன வயதில் வருசப்பிறப்புக்கு அம்மம்மாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து மூன்று தரம் தலையை நிலத்தில் முட்டி வணங்குவார்களாம். அதுதான் அந்தச் சொல். அவருக்கு அது அம்மம்மாவின் வாசம், சிவப்பு உறைக்குள் புதுக்காசு. இங்கே பத்திரிகையில் அது ஒரு வசவு. "அதை வாசிக்கேக்க அம்மம்மாவை யாரோ பழிக்கிற மாதிரிக் கிடக்கும்" என்றார்.

அன்று இரவு இந்தச் சொல்லைத் தேடத் தொடங்கினேன். தேடப் போன இடத்தில் சென்னைக் கோட்டையும் திருகோணமலையும் கண்டியும் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

முதலில் சொல். சீன மொழியில் 'கோவ்' என்றால் தட்டுவது, 'தோவ்' என்றால் தலை. தலையைத் தட்டுவது, அவ்வளவுதான். பேரரசருக்கு முன்னால் செய்கிற முழு முறை மூன்று தரம் முழங்காலிட்டு, ஒவ்வொரு தரமும் மும்மூன்றாக ஒன்பது தரம் நெற்றியை நிலத்தில் படவைப்பது. கொரியா, அன்னாம், ரியூக்யூத் தீவுகள் என்று அயல்நாட்டுத் தூதர்கள் எல்லாரும் இதைச் செய்தார்கள். அரசருக்கு மட்டும் உரிய வணக்கமும் இல்லை இது. பிள்ளைகள் தாய் தகப்பனுக்கும், மாணாக்கர் ஆசிரியருக்கும், எல்லாரும் முன்னோருக்கும் செய்தார்கள். பேரரசரே வானத்துக்கும் தன் தாய்க்கும் செய்தார்.

எங்கள் ஊரில் சைவசமயப் பாடம் படித்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. நாவலரின் சைவ வினாவிடை நினைவிருக்கிறதா? ஆண்கள் அட்டாங்க நமஸ்காரம், பெண்கள் பஞ்சாங்க நமஸ்காரம். தலை, கை இரண்டு, முழந்தாள் இரண்டு, ஆக ஐந்து அங்கங்கள் நிலத்தில் படவேண்டும். எண்ணிப் பார்த்தால் சீனரின் கவ்டவ் எங்கள் பஞ்சாங்க நமஸ்காரம்தான். நல்லூரில் அம்மா செய்ததை யாராவது அடிமைத்தனம் என்று சொன்னால் எனக்கும் கோபம் வரும்.

இனிக் கதைக்கு வருவம். இந்தச் சொல் ஆங்கிலத்தில் வசவாக மாறியதற்குக் காரணமானவர்களில் முதல் ஆள் ஜோர்ஜ் மக்கார்ட்னி பிரபு. 1792 செப்டெம்பரில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி 1793 இல் சீனா போனார். பீக்கிங்கில் நிரந்தரமாக ஒரு தூதர், இன்னும் சில துறைமுகங்களில் வியாபாரம், பண்டசாலை வைக்க ஒரு சின்னத் தீவு, இவைதான் அவர் கேட்கப் போனவை. கொண்டு போனவை கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் பொறி, மணிக்கூடுகள், வண்டிகள். பேரரசர் சியென்லோங் அப்போது ஜெகோல் என்ற கோடை அரண்மனையில் (இன்றைய செங்டே) இருந்தார். அவருடைய பிறந்தநாள் காலம். 82 வயது.

தலையை முட்ட மாட்டேன் என்று மக்கார்ட்னி சொன்னார். வாரக்கணக்கில் பேரம் நடந்தது. என் தகுதிக்குச் சமமான சீன அதிகாரி ஒருவர் எங்கள் அரசரின் படத்துக்கு முன்னால் அதே மாதிரிச் செய்தால் நானும் செய்கிறேன் என்று ஒரு நிபந்தனை வைத்தார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1793 செப்டெம்பர் 14 அன்று விடியற்காலையில், தோட்டத்தில் போட்ட பெரிய கூடாரத்தில், தன் அரசருக்குச் செய்கிறது போல ஒரு முழங்காலில் இருந்து வணங்கினார் என்பது அவர் தரப்பு. தன் அரசரின் கையை முத்தமிடுவதும் அந்த முறையில் உண்டு. அது மட்டும் வேண்டாம் என்று சீனர்கள் சொல்லிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இரண்டு விசயங்கள் இருக்கின்றன. ஒன்று, அவருடைய சாமான்களை ஏற்றிப்போன படகுகளில் சீனர்கள் கொடி கட்டியிருந்தார்கள். 'ஆங்கிலத் தூதர் திறை கொண்டு வருகிறார்' என்பது அதில் எழுதியிருந்ததன் கருத்து. மக்கார்ட்னிக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டார். மற்றது, தூதுக்குழுவோடு போன ஸ்டோன்ரன் என்ற 12 வயதுப் பெடியன். கப்பலில் வரும்போதே சீனமொழி படித்து, பேரரசரோடு அந்த மொழியிலேயே பேசி, அவர் இடுப்பில் கட்டியிருந்த பையைப் பரிசாக வாங்கினவன். அவன் எழுதின நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. பேரரசர் போகும்போது முழங்காலிட்டுத் தலையைத் தரைவரை தாழ்த்தினோம் என்ற கருத்தில் எழுதிவிட்டு, 'தரைவரை' என்பது கோடு கிழித்து வெட்டப்பட்டிருக்கிறது. யார் வெட்டச் சொன்னது, தகப்பனா, அவனேயா? அந்தத் தகப்பன்தான் தூதுக்குழுவின் செயலாளர். பிற்காலத்தில் சீன அரசவை மக்கார்ட்னி முறைப்படி தலையை முட்டினார் என்றே சாதித்தது. ஒரு கோட்டுக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது பாருங்கள்.

சரி, சென்னைக்கு வருவம். இந்த மக்கார்ட்னி 1781 தொடக்கம் 1785 வரை சென்னை ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநர். ஐதர் அலியோடு போர் நடந்த காலம். ஒல்லாந்தரோடும் பகை என்றபடியால் 1781 இல் நாகபட்டினத்தைப் பிடித்தார்கள். 1782 சனவரியில் திருகோணமலையைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு, கண்டி அரசனோடு உறவு வைக்க மக்கார்ட்னி தன் செயலாளர் ஹியூ பொயிட் என்பவரைத் திருகோணமலையிலிருந்து காடு வழியாகக் கண்டிக்கு அனுப்பினார். அப்போதுதான் இராஜாதி இராஜசிங்கன் பட்டத்துக்கு வந்திருந்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியினன்.

கண்டி அரசவையில் திரை விலகியதும் தூதரும் பிரதானிகளும் முழங்காலில் விழவேண்டும். கறுவாப்பட்டை உரிக்க அனுமதி கேட்டு வருசா வருசம் கொழும்பிலிருந்து பரிசுகளோடு போன ஒல்லாந்தத் தூதர்கள் அப்படித்தான் விழுந்தார்கள். 1762 இல் சென்னையிலிருந்து போன பைபஸ் என்ற முதல் ஆங்கிலத் தூதரும் முழங்காலில் இருந்துவிட்டு, பிறகு எழுத்தில் பொருமினார். பொயிட் போனபோது முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டார். தான் முழங்காலிடுவது மட்டும்தான், அதற்கு மேல் இல்லை. பக்கத்தில் நின்ற பிரதானிகள் ஆறு தரம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்ததை அவர் எழுதியிருக்கிற தொனி இருக்கிறதே, புழுவைப் பற்றி எழுதுகிற தொனி. அரசனோ பைபஸ் வந்துபோன பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்பதை மறக்கவில்லை. உங்கள் அரசரே நேரே கடிதம் எழுதட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டான். பொயிட் திரும்பும் வழியில் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே வருசம் ஓகஸ்டில் திருகோணமலையும் அவர்கள் கைக்குப் போனது.

ஆக, 1793 இல் சீனாவில் நடந்த முழங்கால் பேரத்துக்கு ஒத்திகை 11 வருசத்துக்கு முன்னால் கண்டியில் நடந்திருக்கிறது. அனுப்பினவரும் அதே மக்கார்ட்னிதான். ஆனால் கண்டியில் முழங்காலில் இருந்தது ஒரு செயலாளர், அதுவும் கம்பனி வேலைக்காரர். அதற்காக இலண்டனில் ஒருவரும் மானம் போய்விட்டது என்று குதிக்கவில்லை. சீனாவில் நின்றது அரசரின் நேரடித் தூதர், பிரபு. எந்தக் கால் எப்போது மடியலாம் என்பதற்கும் ஒரு விலைப்பட்டியல் இருந்திருக்கிறது.

தலையை முட்டினால் காரியம் ஆகியிருக்குமா? அதற்கும் பதில் உண்டு. 1795 சனவரியில் ஒல்லாந்தக் கம்பனியின் தூதுக்குழு பீக்கிங் போனது. தலைவர் டிட்சிங். அவரோடு போனவர் வான் பிராம் என்ற பருத்த மனிதர். சொன்ன இடத்தில் எல்லாம் முட்டினார்கள். பேரரசரின் மேசையிலிருந்து சாப்பாடு வந்தால் அதற்கும் முட்டினார்கள். ஒருமுறை குனியும்போது வான் பிராமின் தொப்பி கழன்று விழ, பேரரசர் சிரித்துவிட்டார். அதைத் தனக்குக் கிடைத்த பெருமையாக அவரே எழுதியிருக்கிறார், பாவம். ஒல்லாந்தருக்கும் வியாபாரச் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை. முட்டாதவனுக்கும் இல்லை, முட்டினவனுக்கும் இல்லை.

1816 இல் அம்ஹேர்ஸ்ட் பிரபு போனார். முன்னர் நாட்குறிப்பு எழுதின பெடியன் ஸ்டோன்ரன் இப்போது அந்தக் குழுவில் பெரிய ஆள். முட்டவேண்டாம் என்று உறுதியாகச் சொன்னது அவர்தான். இரவு முழுக்கப் பயணம் செய்து களைத்துப் போய் விடியற்காலையில் அரண்மனையில் இறங்கின மனிதரை உடனேயே உள்ளே வா என்று இழுக்க, அவர் மறுக்க, அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்குப் பிறகுதான் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் இந்தச் சொல் ஓடித்திரிய ஆரம்பித்தது. 19ஆம் நூற்றாண்டின் முதல் 30 வருசத்துக்குள் சீனாவோடு சம்பந்தமே இல்லாமல், உள்ளூரில் பெரிய மனிதருக்குக் குழைகிறவனைக் கேலி செய்யவும் பாவித்தார்கள்.

பிறகு அது கேலியோடும் நிற்கவில்லை. 1839 இல் அபினிப் போர் தொடங்கியது. இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்க விடவேண்டும் என்பதற்காக நடந்த போர். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் 1841 இல் ஒரு சொற்பொழிவில், போருக்குக் காரணம் அபினி அல்ல, கவ்டவ்தான் என்று வாதாடினார். ஒரு நாட்டுக்கு நஞ்சை விற்கப் பீரங்கி கொண்டுபோனவர்கள், தலைகுனிய மறுத்த மானஸ்தர்கள் ஆகிவிட்டார்கள். ஒரு சொல் இதைவிட வேறு என்ன வேலை செய்ய வேண்டும்? 1860 இல் பீக்கிங்கின் கோடை அரண்மனையை எரித்தார்கள். 1873 இல் இளம் பேரரசர் தொங்சி வெளிநாட்டுத் தூதர்களை முட்டாமலே சந்தித்தார். 1912 இல் குடியரசு வந்தபோது அரச முறையிலிருந்தே அது போய், நின்றபடி குனிந்து வணங்குவது வந்தது. வீடுகளில் மட்டும் அம்மம்மாக்களுக்கு முன்னால் மிஞ்சியது.

தமிழிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. 'சலாம்'. அரபியில் சமாதானம் என்று கருத்து. முஸ்லிம் மக்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கையில் சமமாகச் சொல்லுகிற வாழ்த்து. வெள்ளைக்காரத் துரைமாருக்கு முன்னால் வளைந்து வளைந்து அதைப் போட்டதால் தமிழில் 'சலாம் போடுறான்' என்றால் குழைகிறான் என்று ஆகிவிட்டது.

எங்கள் சொந்தச் சொல் கூழைக்கும்பிடு. கூழை என்றால் குட்டையானது, முழுசாய் இல்லாதது. வால் அறுந்த மாடு கூழை மாடு. யாப்பில்கூட அடியின் முதல் மூன்று சீரிலும் தொடை வந்து நாலாவதில் வராவிட்டால் கூழை என்பார்கள். அப்படிப் பார்த்தால் கூழைக்கும்பிடு குறைக் கும்பிடு. கை கூப்புகிறது, உடம்பு வளைகிறது, மனம் மட்டும் வரவில்லை. (இது என் வாசிப்பு, தமிழ் படித்தவர்கள் திருத்தலாம்.) இதைவிட ஊர்ப்பேச்சில் பந்தம் பிடிக்கிறது, வால் பிடிக்கிறது. தமிழ்நாட்டாருக்குக் காக்கா பிடிப்பதும் ஜால்ரா போடுவதும்.

இந்தச் சொற்களை ஒரு கடுதாசியில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே குனிகிறவனைத்தான் திட்டுகின்றன. குனியப் பண்ணினவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலத்தில் கவ்டவ் செய்கிறவன் கேவலம். செய்விக்கிறவனுக்கு அதே நீளத்தில் ஒரு சொல்லை எனக்குத் தெரிய நான் காணவில்லை. கையைக் கட்டி நிற்கிறவனுக்கு எதிரில் கதிரையில் இருக்கிறவர் அகராதிக்குள் வராமலே தப்பிவிடுகிறார்.

அந்தக் கதிரையில் என் அப்பப்பா இருந்தார்.

1982 ஆக இருக்கலாம், எனக்கு எட்டு வயது. எங்கள் வளவுப் பனையில் கள் இறக்க வருகிறவருக்கு அப்பப்பாவை விட வயது கூட இருக்கும். படலைக்கு வெளியே நின்று தோளில் கிடக்கிற சால்வையை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் உள்ளே காலடி வைப்பார். திண்ணைக்கு வரமாட்டார். 'நயினார்' என்றுதான் கூப்பிடுவார். அப்பப்பா அவரைப் பேர் சொல்லி 'வாடா, போடா' என்பார். நானும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், எட்டு வயதில். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. தேத்தண்ணி சிரட்டையில் போகும். எங்களுக்கு மூக்குப்பேணி.

சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை அப்பப்பாவின் வயதுக்காரர் எல்லாரும் அறிவார்கள். கே. டானியல் 'பஞ்சமர்' எழுதியிருந்தார். எல்லாம் எங்கள் படலைக்கு வெளியில் நடந்தது. வீட்டுக்குள் அந்த மனிதரைப் பற்றிப் பேசினால் 'நல்ல பணிவான ஆள்' என்பார்கள்.

ஒருநாள் நான் ஒழுங்கையில் சைக்கிள் ரிம் உருட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன். முடக்கில் திரும்பினதும் கமக்கட்டிலிருந்து சால்வையை எடுத்தார். ஒரு உதறு உதறினார். தோளில் போட்டார். நடையே வேறு மாதிரி ஆகிவிட்டது. திரும்பி என்னைக் கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் வீட்டில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியாது, ஏதோ சொல்லக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டது போல இருந்தது.

பிறகு 1988. சந்தியில் சென்றி வந்துவிட்டது. சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். அப்பப்பாவைப் பென்சன் அலுவலாகக் கூட்டிக்கொண்டு போனேன். மண்மூட்டைகள் தெரிந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்துக் கமக்கட்டுக்குள் வைத்தார். ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. துவக்கோடு நின்ற பெடியனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவனுக்குச் சால்வை என்றால் என்னவென்றே தெரிந்திராது. அப்பப்பா குனிந்து சிரித்துக்கொண்டு, "சேர், சேர்" என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த உடம்புக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாழ்நாள் முழுக்க எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்த பாடம்தானே.

சந்தி தாண்டி வளைவில் திரும்பினதும் சால்வையை எடுத்து உதறித் தோளில் போட்டார். நான் ஒழுங்கை முடக்கை நினைத்தேன். அப்பப்பா வீடு வரும் வரைக்கும் வாயே திறக்கவில்லை. அவர் போட்டது கூழைக்கும்பிடு என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வராது. அப்படியென்றால் மற்றவர் போட்டதை மட்டும் 'நல்ல பணிவு' என்று நாங்கள் எப்படிச் சொன்னோம்?

இதில் பாதியைச் சீன நண்பருக்குச் சொன்னேன். சால்வைக் கதையைச் சொல்ல ஆங்கிலம் போதவில்லை. கனநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வருசப்பிறப்புக்குத் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார். ஸ்காபரோவில் ஒரு சின்ன மாடிவீடு. அவருடைய தாய்க்குத் தொண்ணூறை நெருங்குகிற வயது, சக்கர நாற்காலியில் இருந்தா. பேரன் ஹொக்கி உடுப்போடு ஓடிவந்து கம்பளத்தில் முழங்காலில் இருந்து, டக் டக் டக் என்று மூன்று தரம் முட்டிவிட்டு, உறையை வாங்கி அங்கேயே பிரித்து எண்ணினான். கிழவி விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, நண்பர் மொழிபெயர்த்தார். "நீங்கள் முட்டத் தேவையில்லையாம், முழங்கால் நோகும் வயதாம்." எனக்கும் ஒரு உறை தந்தா. இரண்டு கையாலும் வாங்கினேன்.